ஜீப்புக்குப் போட்ட புற்றுமண்

ஜீப்பின் ஆயில் மூடியைத் திருகிக் கையில் எடுத்த மெக்கானிக் மாடசாமி அப்படியே நின்றுவிட்டான். மூடியின் உள்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினான். விரலால் தடவினான். மோந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"பெரியம்மா, எவரு இதுக்குள்ள மண்ணள்ளிப் போட்டது?"

யாரோ அவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் பக்கத்தில் மண்ணள்ளிப் போடுவது என்றால் அதுதானே அர்த்தம். கிட்டே போய்ப் பார்த்தால் நிஜமாகவே மண். மூடியின் ஓரத்தில், எண்ணெயில் குழைந்து, மாவு போல நைசாக ஒரு கோடு.

வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோமு மதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது கூட.

"மண்ணுன்னு சொல்லாதலே. அம்மன் புத்துமண்ணு. நாந்தான் போட்டேன். ஒரு சிட்டிகை."

மாடசாமி கையிலிருந்த மூடியை அப்படியே மட்கார்டு மேல் வைத்தான். என் மகள் செண்பகம் ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் தாமதமாகப் பார்த்திருந்தால் எஞ்சின் ஓடியிருக்கும்.

பள்ளத்துத் தோட்டம்

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு அவசரம் கிடையாது.

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்களுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே காய்ப்பு நின்று முள் மண்டிக் கிடந்தது. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிற நிலம். உள்ளே இறங்குவது சுலபம். மூட்டையோடு மேலே ஏறுவதுதான் பாடு. பாறையும் சரளையுமாக ஒரே ஏற்றம்.

தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த செண்பகம், ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த முள்ளை வெட்டப் போனாள். கிணறு தூர்வாரினாள். புதுக்கன்று வைத்தாள். மரம் காய்த்தது. காய் கீழே கிடந்து மஞ்சளாகி அழுகியதுதான் மிச்சம். எங்கள் பழைய ஜீப்பு லோடு ஏற்றினால் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். தலைச்சுமையாகச் சுமந்தால் ஆளுக்குக் கட்டுப்படியாகாது. புளியங்குடி மார்க்கெட்டில் வாடிய காயைக் கண்டால் யாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சென்னையில் பேங்கில் இருக்கிற என் மகன் குமாருக்கு அந்தத் தோட்டத்தை விற்றுவிட வேண்டும் என்று ஆசை. பத்திரம் என் பேரில் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாகப் போடுவேன். அதைப் போடச் சொல்லித்தான் அவன் போன் பண்ணிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். "இந்தக் கோடைக்குள்ள ஜீப்பு லோடோட அந்த மேடு ஏறிட்டுன்னா தோட்டம் இருக்கட்டும். ஏறலன்னா கையெழுத்துப் போட்டுத்தாரேன். பேச்சு மாற மாட்டேன்."

செண்பகம் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டாள்.

எஞ்சினுக்கு மூச்சு

மாடசாமி ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் பெரிசு. ஒரு நட்டைக் கழற்றினால் மலையைப் புரட்டியது போலப் பேசுவான். அவன்தான் சொன்னான், எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறது, மூச்சுதான் பத்தவில்லை என்று.

எஞ்சினுக்குள்ளே கேம் என்று ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் புடைப்புகள். தண்டு சுற்றும்போது புடைப்பு வந்து டேப்பட்டை இடிக்கும். டேப்பட் என்றால் கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குமிழ். அது மேலே எழும்பிக் கம்பியைத் தள்ள, கம்பி வால்வைத் திறக்கும். வால்வு திறக்கிற அளவுக்குத்தான் எஞ்சின் மூச்சு விடும். புடைப்பு உயர்ந்த கேமும் அதற்கேற்ற டேப்பட்டும் கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டால் ஜீப்பு மேடு ஏறும் என்றான். கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வரவழைத்தான்.

போன வருஷமே ஒரு தடவை போட்டோம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

புது எஞ்சின் வேலை முடிந்தால் நாம் என்ன செய்வோம். சாமிக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி, மெதுவாக ஓடவிட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்போம். அன்றைக்கும் அதேதான் செய்தோம். பூசாரி வரத் தாமதம். அதுவரை எஞ்சின் தூங்குகிற பிள்ளை மாதிரி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். போட்டோ எடுத்தோம்.

கொஞ்ச நாளில் உள்ளே டக் டக்கென்று தட்டல். திறந்து பார்த்தால் கேமில் புடைப்பையே காணோம். சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. புதுக் கேமை முதல் தடவை ஓட்டும்போது மெதுவாக ஓட்டவே கூடாதாம். மெதுவாக ஓடினால் எண்ணெய் தெறித்து மேலே போகாது. இரும்பும் இரும்பும் காய்ந்த முகத்தோடு உரசிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிடம் ரேஸ் பண்ணியபடியே இருக்க வேண்டும். அணைக்கவும் கூடாது. அதற்குள் இரண்டு முகமும் பழகிவிடும். அப்புறம் எத்தனை வருஷமானாலும் ஓடும்.

யார் மேலும் குற்றமில்லை. அப்போது மாடசாமிக்கே இது தெரியாது. கோயம்புத்தூர்க்காரன் போனில் திட்டியபோதுதான் தெரிந்தது. இன்னொரு கேம் அனுப்பினான். அந்த மாதிரியில் அதுதான் கடைசி, பழைய எஞ்சினுக்கு இனிமேல் அச்சு இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினான்.

அதனால் இந்தத் தடவை பூசையெல்லாம் எஞ்சின் ஓடாதபோதே முடித்துவிட்டோம். எங்கள் வீட்டு முற்றத்திலேயே வைத்து எல்லாவற்றையும் பூட்டினான். கேமுக்குக் கண்மை மாதிரி ஒரு கருப்புப் பசையை அப்பினான். பிறந்த பிள்ளைக்குச் செய்கிற மாதிரி அத்தனை பக்குவமாகச் செய்தான். நாங்கள் உள்ளே கற்பூரத் தட்டை வைக்கப் போன நேரத்தில்தான் மதினி எழுந்து போய் மூடியைத் திறந்திருக்கிறாள்.

மருந்து என்றால் உள்ளுக்குத்தானே

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புற்றுமண் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கோமதியம்மன் சன்னிதியில் கொடுக்கிற மண். தலைவலியா, நெற்றியில் பூசு. சொறியா, குழைத்துத் தடவு. வயிற்றுவலியா, தண்ணீரில் கரைத்து ஒரு வாய் குடி. எனக்குச் சின்ன வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது என்னை அந்த மண்ணிலேயே குளிப்பாட்டி எடுத்தார்கள் என்று சொல்வார்கள். இன்றைக்கும் என் முந்தானை முடிச்சில் ஒரு உருண்டை இல்லாமல் நான் பஸ் ஏறுவதில்லை.

மதினியின் கணக்கில் பிசகு கிடையாது. போன வருஷம் ஜீப்புக்கு உள்ளுக்குள்தான் நோவு. உள்நோவுக்கு உள்ளுக்குத்தானே கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை அதற்கு வாய்.

"இதைக் கழுவணும் ஆச்சி," என்றான் மாடசாமி. "மேல்மூடியைத் தொறந்து, ஆயிலை எறக்கி, டேப்பட்டை வெளிய எடுத்து எல்லாத்தையும் கழுவணும். ஒரு பொடி மண்ணு அந்த முகத்துல மாட்டுச்சுன்னா உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி ஆயிரும்."

"அம்மன் மண்ணைக் கழுவுவியோ. நீ பெரிய இவன் பாத்துக்கோ. போன வருசம் கேமைத் தேச்சது எந்த மண்ணுலே?"

மாடசாமி மட்கார்டு மேலிருந்த மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"கழுவு. நல்லாக் கழுவு," என்று மதினி எழுந்தாள். "அப்புறம் வண்டி மேடு ஏறலன்னா என்னைக் கேக்காதீய. நான் பனவடலிக்குப் போறேன். நாலு மணி பஸ்ஸு இருக்கு." பனவடலிசத்திரம் அவள் வாக்கப்பட்ட ஊர்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். எனக்குள் இரண்டு பக்கமும் இழுத்தது. கழுவாமல் ஓட்டினால் கடைசிக் கேமும் போய்விடும். கழுவி ஓட்டி, வேறு எதாவது காரணத்தால் ஜீப்பு ஏறாமல் போனாலோ, அம்மன் மண்ணைக் கழுவினதால்தான் என்று மதினி சாகிற வரை சொல்வாள். மதினி என்ன, எனக்கே ராத்திரி தூக்கம் வராது. நானும் அந்த மண்ணை நம்புகிறவள்தான்.

மதினியின் கையைப் பிடித்தேன். விரல் நுனியில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"மதினி, ஒங்களுக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணும்போது புத்துமண்ணு வச்சோமே, எங்க வச்சோம்?"

"நெத்தியில."

"கண்ணுக்குள்ள போட்டோமா?"

"கண்ணுக்குள்ள எவளாவது போடுவாளா. கூறுகெட்டவளா நீ."

"டாக்டர் அறுத்து மூடுன கண்ணு அது. இதுவும் அறுத்து மூடுனதுதான். மாடசாமி தொறந்து வச்சிருக்கது வாயில்ல மதினி. கண்ணு."

மதினி எஞ்சினைப் பார்த்தாள். மாடசாமியைப் பார்த்தாள்.

"இத முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான," என்று மறுபடி உட்கார்ந்தாள். "கழுவுன எண்ணெயைச் சாக்கடையில ஊத்தப்படாது. அதுல அம்மன் மண்ணு இருக்கு. கால்ல படாத எடமாப் பாருங்க."

பணியாரச் சட்டி

மாடசாமி மறுபடி எல்லாவற்றையும் கழற்றினான். மேல்மூடியைத் தூக்கியதும் மண்ணில் பாதி ஸ்பிரிங்கிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது தெரிந்தது. அந்த மட்டும் நல்ல காலம். பாக்கியைத் தேடி எண்ணெயை இறக்கி என் பழைய வெள்ளைச் சேலையில் வடிகட்டினான்.

டேப்பட்டுகளை அளவு பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் இறக்கியிருந்தானாம். மாறிவிடக்கூடாது, வரிசையாக வைக்க எதாவது கொடுங்கள் என்றான். நான் உள்ளே போய்க் குழிப்பணியாரச் சட்டியைக் கொண்டுவந்தேன். சிரித்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள். குழிக்கு ஒன்றாக உட்கார்ந்தன, அச்சு வெல்லம் மாதிரி.

சட்டிக்கு ஏழு குழி. டேப்பட் எட்டு. கடைசியை நான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அவன் கழுவி, பசை தடவி, வரிசையாக இறக்கி முடிக்கிற வரை கீழே வைக்கவில்லை. குளிர்ந்து கிடந்த இரும்பு என் கையில் சூடேறிவிட்டது. எங்கள் தோட்டம் முழுவதும் இந்தக் குமிழுக்குள் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. வாங்கும்போது மாடசாமி, "பணியாரம் வெந்துட்டா பெரியம்மா," என்றான்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருலே," என்றேன்.

இப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணலாம் என்றான். மதினி நாலு மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. ராத்திரி எங்களோடு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் பலகாரம் என்ன என்று கேட்டாள்.

உலை வைத்த நேரம்

காலையில் மதினி குளித்துவிட்டு வந்து, பானெட்டின் நெற்றியில் புற்றுமண்ணைக் குழைத்து அகலமாகப் பூசினாள். "இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியே," என்று மாடசாமியைக் கேட்டாள். அவன் கும்பிட்டு நெற்றியை நீட்டினான். அவனுக்கும் ஒரு பூச்சு.

செண்பகம் ரேடியேட்டர் தண்ணீரையும் எண்ணெய் மீட்டர் முள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடசாமிக்குக் காது வேலை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். அப்படியானால் ஆக்சிலேட்டரை யார் மிதிப்பது.

"நான் மிதிக்கேன்," என்றேன்.

"எம்மா, கால் கடுத்துரும். விட்டுட்டீங்கன்னா போச்சு," என்றாள் செண்பகம்.

கால் கடுப்பைப் பற்றி என்னிடம் சொல்கிறாள். தையல் மிஷினை மிதித்து மிதித்து இந்த ஊரில் எத்தனை பேருக்கு நான் ரவிக்கை தைத்திருக்கிறேன். வேகம் கூட்டவும் தெரியும், குறைக்கவும் தெரியும், ஒரே சீராக மிதிக்கவும் தெரியும். எழுத்துத் தடுமாறினாலும் எண் தெரியும். மாடசாமி கட்டிவைத்த மீட்டரில் முள் எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவே ஆட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"இருபது நிமிசம்னா எம்புட்டு நேரம்லே?" என்றாள் மதினி.

"ஒரு உலை சோறு வேகுற நேரம் மதினி," என்றேன்.

"அப்ப நான் உலை வைக்கேன்." முற்றத்திலேயே மூன்று கல்லைக் கூட்டினாள். அரிசி களைந்து வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். செண்பகம் சாவியைத் திருப்பினாள்.

பிடித்துக்கொண்டது. நான் மிதித்தேன்.

என்ன சத்தம். தகரக் கொட்டகை அதிர்ந்தது. கோழிகள் சுவரேறிப் போய்விட்டன. புதுப் பெயிண்டு காந்துகிற வாடை, கருப்புப் பசை எரிகிற வாடை, அதற்கு நடுவே சுள்ளி அடுப்புப் புகை. என் கண் முள்ளை விட்டு நகரவில்லை. கொஞ்சம் ஏற்றினேன், கொஞ்சம் இறக்கினேன். பட்டுத்துணிக்கு ஒரு மிதி, பருத்தித் துணிக்கு ஒரு மிதி. அதே பழக்கம்தான்.

பாதி நேரம் ஆகியிருக்கும். கேட்டைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். ரிட்டயர்டு ஆனவர், நல்ல மனுஷர். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டு நான் தவிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க. வயசானவள உள்ள வச்சு என்ன வே பண்ணுதீரு," என்று மாடசாமியை ஏசிக்கொண்டே உள்ளே கையை விட்டுச் சாவியைப் பிடித்துவிட்டார்.

அவர் கையில் பளீரென்று ஒரு அடி வைத்தேன். கால் அசையவில்லை.

"கையை எடுங்க அண்ணாச்சி. சோறு வேகுது."

அவர் என்னைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. மதினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தாள்.

கெண்டைக்கால் மரத்துப்போனது. பிறகு அது என் கால் மாதிரியே இல்லை. மாடசாமி ஸ்குரூ டிரைவரை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டான். அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மதினி அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். தலையாட்டி மறுபடி மூடினாள். இன்னொரு தடவை எடுத்தாள். நசுக்கினாள். அகப்பையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பதம் வந்துட்டுட்டி. காலை எடு."

மெதுவாக எடுத்தேன். சத்தம் இறங்கி இறங்கி வந்து, ஒரு இடத்தில் நின்றது. தட்டல் இல்லை. பால் கறக்கிற சத்தம் மாதிரி ஒரே சீராக ஓடியது. மாடசாமி காதிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, மதினியிடம் நீட்டினான். மதினி அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"நல்லாப் பேசுதா," என்றாள்.

என்னை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அந்தச் சோற்றைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம், அண்ணாச்சி உள்பட.

மேடு

எண்ணெயை மாற்றி, டேப்பட் இடைவெளி சரிபார்த்து, கொஞ்ச நாள் சும்மா ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். அப்புறம் ஒரு விடிகாலையில் தோட்டத்துக்குப் போனோம். பின்னால் மூட்டை மூட்டையாக எலுமிச்சை. செண்பகம் ஓட்டினாள், நான் பக்கத்தில்.

எப்போதும் மூச்சு முட்டுகிற பாறை வந்தது. என் கால் தன்னால் தரையை மிதித்தது. ஜீப்பு குரல் மாறவில்லை. சரளை பின்னால் சிதறியது. பாறையைத் தாண்டினோம். மேட்டுக்கு மேலே போன பிறகும் செண்பகம் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். புளியங்குடி மார்க்கெட்டில் யாபாரி ஒரு காயை நகத்தால் கீறி மோந்து பார்த்தபோதுதான் அவள் சிரித்தாள்.

குமாருக்கு நானே போன் போட்டேன். "ஏறிட்டுடா," என்றேன். "எத்தனை மூட்டை?" என்றான். சொன்னேன். "அடுத்த மாசம் வாரேம்மா. நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கேன்," என்றான்.

கழுவிய எண்ணெய் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேனே. கால் படாத இடமாகத் தேடி, மதினியே அதை எங்கள் இரும்புக் கேட்டின் கீல்களுக்கு ஊற்றிவிட்டிருந்தாள். எண்ணெயில் மண் இருந்தால் கீல் என்ன செய்யும், உங்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் ஜீப்பு தெருவுக்குள் வந்ததே, இன்னும் ஊருக்குப் போகாமல் எங்களோடு இருந்த மதினிக்குக் கேட்கவில்லையாம். அவ்வளவு அமைதி. நான் இறங்கிக் கேட்டைத் தள்ளினேன். அது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

மதினி உள்ளேயிருந்து அகப்பையோடு வந்து நின்றாள். கேட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னும் பழகலட்டி. விடாம ஆட்டிக்கிட்டே இரு," என்றாள். "நான் போய் உலை வைக்கேன்."